கடிதத்தில் காலை அமுக்கிப் பார்க்க முடியாது

கேள்வி (வாசகரின் இரண்டு கடிதங்களிலிருந்து சுருக்கியது):

டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். வயது 67. கூட்டுறவு சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். மூன்று மாதமாகக் கால் வீக்கம். ராத்திரி படுத்தால் மூச்சு வாங்குகிறது. நீங்கள் சொன்னபடி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய் நான்கு நாள் இருந்துவிட்டு வந்தேன். இதயம் பலவீனம், நீர் கோத்திருக்கிறது என்று சொல்லி நீர் மாத்திரையும் வேறு மூன்று மாத்திரைகளும் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள். போக இரண்டரை மணி நேரம் பஸ், அதில் நீர் மாத்திரை வேறு. இனிமேல் நீங்களே கடிதத்தில் மருந்து சொல்லிவிட்டால் என்ன? ஆங்கில அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சனுக்கு ஸ்காட்லாந்து டாக்டர்கள் ஆளைப் பார்க்காமலே கடிதத்தில் வைத்தியம் சொன்னதாகப் படித்திருக்கிறேன். இறகுப் பேனா காலத்தில் முடிந்தது வாட்ஸ்அப் காலத்தில் முடியாதா? பக்கத்து வீட்டுக்காரர் நரிவெங்காயம் சாப்பிட்டால் நீர் வடியும் என்கிறார், சாப்பிடலாமா? கடைசியாக, என் மகன் எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டைத் தானே வைத்துக்கொண்டு "ஒண்ணுமில்லப்பா" என்கிறான். என்ன செய்வது?

பதில்:

ஐயா, வணக்கம்.

முதல் கடிதம் வந்த அன்றைக்கே இரண்டு வரியில் பதில் போட்டேன், உடனே கிளம்புங்கள் என்று. நீங்களும் மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்தீர்கள். அது நடக்காமல் இருந்திருந்தால் இந்த ஜான்சன் பேச்சுக்கெல்லாம் இப்போது இடம் இருந்திருக்காது. ஆபத்து தாண்டிவிட்டதால் நிதானமாகப் பேசுகிறேன், கொஞ்சம் நீளமாகவே. மருத்துவ வரலாறு என் பலவீனம், அந்த இடத்திலேயே கை வைத்துவிட்டீர்கள்.

நீங்கள் படித்தது உண்மைதான். ஆனால் பாதிதான் படித்திருக்கிறீர்கள் போலிருக்கிறது.

1784 பிப்ரவரி. லண்டன், போல்ட் கோர்ட் என்ற சந்தில் ஜான்சனின் வீடு. அவருக்கு வயது 74. குளிர்காலம் தொடங்கியதிலிருந்து வீட்டை விட்டு வெளியே வரவில்லை. படுக்க முடியவில்லை, படுத்தால் நெஞ்சை இறுக்குகிறது, அதனால் ராத்திரி முழுக்க உட்கார்ந்தே கழிக்கிறார். அபினும் கசகசா சாறும் கொடுத்தால்தான் கொஞ்சம் கண் அசருகிறது. காலிலும் தொடையிலும் நீர். பிப்ரவரி 11ஆம் தேதி எடின்பரோவில் இருந்த நண்பர் ஜேம்ஸ் பாஸ்வெல்லுக்கு ஒரு கடிதம் எழுதினார். கால் பூராவும் நீர், அது அங்கேயே நின்றுவிட்டால் பரவாயில்லை, சீக்கிரம் மேலே ஏறிவிடுமோ என்று பயமாக இருக்கிறது, சாவதற்கு ரொம்பவே பயப்படுகிறேன் என்ற பொருளில் எழுதியிருந்தார். உங்கள் ஊர் டாக்டர்களிடம் என் கேஸைக் கேளுங்கள் என்றும் சொல்லியிருந்தார்.

பாஸ்வெல் வக்கீல். கேஸ் எழுதத் தெரிந்த ஆள். மார்ச் 7ஆம் தேதி எடின்பரோ மருத்துவப் பள்ளியின் மூன்று பெரிய பேராசிரியர்களுக்கு, வில்லியம் கல்லன், ஜான் ஹோப், அலெக்சாண்டர் மன்ரோ மூவருக்கும், ஒரே கடிதத்தைத் தனித்தனியாக அனுப்பினார். இதை முறையான ஆலோசனையாக எடுத்துக்கொள்ள எனக்கு அதிகாரம் இல்லை, ஆனாலும் இப்படிப்பட்ட மனிதருக்கு நீங்கள் மறுக்க மாட்டீர்கள் என்று ஆரம்பித்து, ஜான்சன் ஒரு புத்தகத்தில் வைத்தியர்களைப் புகழ்ந்து எழுதிய வரியையும் எடுத்துப் போட்டு (ஃபீஸ் கிடையாது என்பதை இதைவிட நாசூக்காகச் சொல்ல முடியாது), அப்புறம் விஷயத்துக்கு வந்தார்.

அந்தக் கடிதத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன், ஒரு டாக்டர் இன்னொரு டாக்டருக்கு எழுதும் சீட்டைப் படிப்பதுபோல. வயது இருக்கிறது. போன கோடையில் பக்கவாதம் வந்து ஏறக்குறைய முழுதாகத் தேறினார் என்பது இருக்கிறது. அதற்கு முன்பே சளி இருமல் இருந்தது. மூன்று மாதமாக வீட்டோடு இருக்கிறார். குளிர் பட்டால் என்ன ஆகிறது, என்ன மருந்து நடக்கிறது, இப்போது கொஞ்சம் பரவாயில்லை என்பது வரை எல்லாம் இருக்கிறது. என் ஓபிக்கு வரும் பல சீட்டுகளைவிட நல்ல சீட்டு. ஆனால் நாடி எப்படி என்று இல்லை. ஒரு நாளைக்கு எவ்வளவு சிறுநீர் போகிறது என்று இல்லை, நீர் கோத்த கேஸில் இதுதான் முக்கியமான கணக்கு. போதாததற்கு, படுக்க முடியவில்லை என்பது பாஸ்வெல் கண்ணால் பார்த்தது அல்ல, லண்டனில் ஜான்சனைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் பிராக்கில்ஸ்பி எழுதி, அதை இவர் எடுத்து எழுதியது. நோயாளி, ஒரு டாக்டர், ஒரு வக்கீல், அப்புறம்தான் கல்லன்.

பதில் மூன்று பேரிடமிருந்தும் மரியாதையாக வந்தது. ஹோப், உங்கள் நண்பரைவிட எனக்கு வேண்டியவர் வேறு யார், இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று தினமும் அவரிடம்தானே கேட்கிறேன் என்று எழுதினார், அகராதியைச் சொல்கிறார். ஹோப் நேராகவே பிராக்கில்ஸ்பிக்கு எழுதிவிட்டார். கல்லனும் மன்ரோவும் தங்கள் கருத்தையும் மருந்துச் சீட்டையும் பாஸ்வெல்லிடம் எழுதிக் கொடுத்தார்கள். பாஸ்வெல் அதை எடுத்துக்கொண்டு லண்டன் வந்துசேர்ந்தது மே 5ஆம் தேதி.

தேதிகளைக் கவனித்தீர்களா? ஜான்சன் உதவி கேட்டு எழுதியது பிப்ரவரி 11. பிப்ரவரி 19ஆம் தேதி, ஒரு நாள் முழுக்கப் பிரார்த்தனையில் இருந்த பிறகு, திடீரென்று 20 பைன்ட் நீர், நம் கணக்கில் 10 லிட்டர் பக்கம், அவர் உடம்பிலிருந்து வடிந்துவிட்டது. ஏப்ரல் 21ஆம் தேதி, 129 நாள் அடைந்து கிடந்த பிறகு, செயின்ட் கிளெமென்ட் தேவாலயத்துக்குப் போய் நன்றி சொல்லிவிட்டு வந்தார். கல்லனும் மன்ரோவும் சொன்ன ஆலோசனை அவர் காதுக்கு எட்டியது அதற்கும் இரண்டு வாரம் கழித்து. கடித வைத்தியத்தில் நோயாளியின் பழைய உடம்புக்குத்தான் மருந்து வரும். உங்களுக்கும் எனக்கும் நடுவில் தபால் தாமதம் இல்லை என்பீர்கள். சரி, இல்லைதான். ஆனால் நீர் மாத்திரை சாப்பிடுகிற உடம்பு ஒரு வாரத்தில் மாறிவிடும். பொட்டாசியம் குறையலாம், சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் கூடுகிற கிரியாட்டினின் ஏறலாம், இரண்டுமே உங்களுக்குத் தெரியாது, ரத்தம் எடுத்தால்தான் தெரியும். அதனால்தான் இரண்டு வாரத்தில் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

கல்லனைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடிதத்தில் வைத்தியம் பார்த்ததில் அவர் சாதாரண ஆள் இல்லை. 1710இல் பிறந்து 1790இல் இறந்தவர். அவருக்கு வந்த கடிதங்களும் அவர் போட்ட பதில்களுமாக ஆயிரக்கணக்கில் எடின்பரோ ராயல் மருத்துவர் கல்லூரியில் இன்றும் இருக்கின்றன. பல நோயாளிகளை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. தான் என்ன எழுதினோம் என்பதற்கு நகல் வைத்துக்கொள்வதில் அவ்வளவு கவனம். முதலில் ஆள் வைத்து நகல் எடுத்தார், 1781 முதல் நீராவி எஞ்சின் ஜேம்ஸ் வாட் கண்டுபிடித்த நகல் எடுக்கும் கருவியை வாங்கி வைத்துக்கொண்டார். மை காய்வதற்குள் மெல்லிய ஈரத்தாளை மேலே வைத்து அழுத்தினால் எழுத்து அதில் இறங்கும், பின்பக்கமிருந்து படிக்க வேண்டும். நம்ம ஊர் கார்பன் பேப்பருக்குத் தாத்தா என்று வையுங்கள். சங்கத்தில் ரசீது புக் வைத்திருந்த உங்களுக்கு இந்த மனிதரைப் பிடிக்கும்.

அவர் பதில்களில் மருந்தைவிட அதிகம் இருப்பது பத்தியம். என்ன சாப்பிடலாம், எவ்வளவு நடக்கலாம், குதிரைச் சவாரி செய்யுங்கள், ஃப்ளானல் துணி போடுங்கள், இப்படி. பாதி நம்ம பாட்டி சொல்வதுபோலவே இருக்கும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அன்றைக்கு முடிந்தது இன்றைக்கு ஏன் முடியாது?

என் பதில் உங்களுக்கு விநோதமாக இருக்கலாம். அன்றைக்குக் கடிதம் போதுமானதாக இருந்ததற்குக் காரணம், டாக்டர் நேரில் வந்தாலும் பெரிதாக ஒன்றும் பார்க்கவில்லை என்பதுதான். அந்தக் காலத்து பெரிய வைத்தியர் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து கதை கேட்பார், முகத்தைப் பார்ப்பார், நாக்கைப் பார்ப்பார், நாடி பிடிப்பார், சிறுநீரைப் பார்ப்பார். அவ்வளவுதான். நெஞ்சில் விரல் வைத்துத் தட்டினால் உள்ளே நீரா காற்றா என்று தெரியும் என்பதை வியன்னாவில் அவுன்ப்ருகர் என்ற டாக்டர் 1761இலேயே எழுதிவிட்டார். சத்திரக்காரர் மகன், பீப்பாயைத் தட்டி எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதைச் சின்ன வயதிலேயே பார்த்தவர் என்று சொல்வார்கள். ஆனால் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை, 1808இல் நெப்போலியனின் டாக்டர் கோர்விசார் அதை பிரெஞ்சில் மொழிபெயர்த்த பிறகுதான் அது பரவியது. ஸ்டெதாஸ்கோப் வந்ததே 1816இல், பாரிஸில் லெனக் ஒரு பேப்பரைச் சுருட்டி நெஞ்சில் வைத்துக் கேட்டபோது. ஜான்சன் இறந்து 32 வருஷம் கழித்து. ஆக கல்லன் எடின்பரோவிலிருந்து கடிதம் படித்தால் நாடியும் நாக்கும்தான் நஷ்டம். கதை முழுசாகக் கிடைத்துவிடும், அவருக்கு வேண்டியதில் முக்கால்வாசி கதைதான்.

நான் உங்கள் கடிதத்தைப் படித்தால் எனக்கு எவ்வளவு நஷ்டம் தெரியுமா? கழுத்து நரம்பு எவ்வளவு உயரம் புடைத்திருக்கிறது என்று தெரியாது. முதுகில் ஸ்டெத் வைத்தால் அடியில் நொறநொறவென்று கேட்கிறதா என்று தெரியாது. இதயம் தாளம் தப்புகிறதா என்று தெரியாது. முழங்காலுக்குக் கீழே எலும்பு மேல் கட்டை விரலை வைத்து ஐந்தாறு விநாடி அமுக்கி எடுத்தால் குழி விழுகிறதா, அது நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று தெரியாது. ஈசிஜி, எக்கோ, ரத்தம் எல்லாம் அப்புறம்.

இதை நான் புத்தக ஞானத்தில் சொல்லவில்லை. சில வருஷத்துக்கு முன்னால் தெரிந்த குடும்பத்திலிருந்து போன். பெரியவருக்குக் கால் வீங்கியிருக்கிறது டாக்டர், போன தடவை மாதிரியே. அவருக்கு ஏற்கனவே இதயத்தில் கோளாறு உண்டு, எனக்குத் தெரிந்த நோயாளிதான். சரி, நீர் மாத்திரையை இரண்டு நாளைக்குக் கூட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டேன். மறுநாள் சாயங்காலம் அவருடைய பேத்தி ஒரு போட்டோ அனுப்பினாள். பார்த்தால் இடது கால் மட்டும், கெண்டைச் சதை பளபளவென்று, வலது கால் சாதாரணமாக இருக்கிறது. ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்த கட்டி. இதயமும் இல்லை நீரும் இல்லை. ஒரு நாள் தாமதம் என்னால். நல்லவேளை கட்டி நுரையீரலுக்குப் போவதற்குள் ஊசி போட்டுவிட்டார்கள், மனிதர் இன்றைக்கும் நடமாடுகிறார். ஆனால் யார்மேல் குற்றம்? நம் பேச்சில் "கால் வீங்கியிருக்கு" என்றால் ஒரு காலா இரண்டு காலா என்று யாரும் சொல்வதில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் மொழியில் இல்லை. அவர்கள் சொல்லவில்லை. கேட்க வேண்டியவன் நான், கேட்கவில்லை. அன்றிலிருந்து யார் போனில் கால் வீக்கம் என்றாலும் என் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி "எந்தக் கால்?" என்பதுதான்.

உங்கள் முதல் கடிதத்திலும் "கால் வீக்கம்" என்றுதான் இருந்தது. இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறேன், அதே வீக்கம் சிறுநீரகத்தால் வரும், ஈரலால் வரும், நரம்பு சுருண்டால் வரும், பிபிக்குக் கொடுக்கிற அம்லோடிபின் மாத்திரையாலேயே வரும். அம்லோடிபின் வீக்கத்துக்கு நீர் மாத்திரை கொடுத்து, அதனால் தலை சுற்றி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து வந்தவரையும் பார்த்திருக்கிறேன். கடிதத்தில் இவை எல்லாமே ஒரே இரண்டு வார்த்தை.

சட்டமும் இப்போது ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது. 2020 மார்ச்சில் வந்த தொலை மருத்துவ வழிகாட்டுதல்படி போனிலோ வீடியோவிலோ பார்ப்பது குற்றமில்லை. ஆனால் முதல் தடவையாக எழுத்தில் மட்டும் கேட்டு வரும் நோயாளிக்கு, கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கிற சாதாரண மருந்துகளுக்கு மேல் எழுதக்கூடாது. நீங்கள் என்னை நேரில் பார்த்ததே இல்லை. அதனால் உங்கள் இதய மாத்திரையில் கை வைக்க எனக்கு உரிமையும் இல்லை, தைரியமும் இல்லை.

நரிவெங்காயம். இந்த இடத்தில் உங்கள் பக்கத்து வீட்டுக்காரரை நான் கேலி செய்யமாட்டேன், அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது, அதுதான் பயமே. பாஸ்வெல் கடிதத்தில் ஜான்சன் சாப்பிட்டுக்கொண்டிருந்ததாக எழுதிய மருந்து ஸ்குவில் வினிகர். ஸ்குவில் என்பது மத்தியதரைக்கடல் ஓரத்தில் வளர்கிற ஒருவகை வெங்காயக் கிழங்கு, நம்ம நரிவெங்காயத்துக்குப் பங்காளி. இரண்டிலும் இதயத்தை நேரடியாகத் தாக்குகிற சத்து இருக்கிறது. (ஒரு சின்ன விஷயம். ஹோப் வைத்தியர் மட்டுமில்லை, எடின்பரோ தாவரத் தோட்டத்தையும் பார்த்துக்கொண்டவர். அவரிடம் படித்த வில்லியம் ராக்ஸ்பர்க் என்பவர்தான் பின்னால் மதராஸுக்கு டாக்டராக வந்து, நம் செடிகொடிகள் பலவற்றுக்கு அறிவியல் பெயர் வைத்தார், நரிவெங்காயம் உட்பட. ஜான்சனுக்கு ஆலோசனை சொன்னவரின் மாணவர் உங்கள் பக்கத்து வீட்டு மருந்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்.)

ஜான்சன் இந்த மருந்தை எப்படிச் சாப்பிட்டார் என்பதற்கு அவர் கடிதமே சாட்சி. அந்த வருஷம் கோடையில் ஆஷ்போர்ன் என்ற ஊரிலிருந்து பிராக்கில்ஸ்பிக்கு எழுதும்போது, ஸ்குவிலை விடவில்லை, தினம் 100 சொட்டுக்கு மேல் சாப்பிடுகிறேன், ஒரு நாள் 250 சொட்டு சாப்பிட்டேன் என்று பெருமையாகவே சொல்கிறார். பிராக்கில்ஸ்பி அதைப் படித்து என்ன செய்திருக்க முடியும்? தூரத்தில் இருக்கிறார். இந்தக் குடும்பத்து மருந்துகளில் நீரை வடிக்கிற அளவுக்கும் இதயத்தைக் கெடுக்கிற அளவுக்கும் நடுவில் இடைவெளி ரொம்பக் குறைவு. ஜான்சன் இறந்த அடுத்த வருஷம், 1785இல், பர்மிங்ஹாமில் வில்லியம் விதரிங் என்ற டாக்டர் ஃபாக்ஸ்குளோவ் செடியைப் பற்றிப் புத்தகம் போட்டார், இதயத்துக்குக் கொடுக்கிற இன்றைய டிஜாக்சின் மாத்திரைக்கு மூலம் அந்தச் செடி இனம்தான். பத்து வருஷம் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து அவர் சொன்னதில் பாதி, எப்போது நிறுத்த வேண்டும் என்பது. சிறுநீர் பிரிய ஆரம்பித்தால் நிறுத்து, குமட்டினால் நிறுத்து, நாடி மெதுவானால் நிறுத்து. பக்கத்தில் இருந்து பார்க்கிறவன்தான் நிறுத்த முடியும். நீங்கள் ஏற்கனவே நான்கு மாத்திரை சாப்பிடுகிறீர்கள். நீர் மாத்திரையால் பொட்டாசியம் குறைந்திருக்கிற உடம்பில் நரிவெங்காயம் போனால் இதயம் தாளம் தப்பும். வேண்டாம். மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்குகிற டைக்ளோஃபினாக், இபுபுரோஃபென் மாத்திரைகளும் வேண்டாம், அவை உப்பையும் நீரையும் உடம்பில் பிடித்து வைக்கும். இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள், சொல்லியிருந்தால் சந்தோஷம்.

அப்படியானால் கடிதமே வேண்டாமா என்றால், வேண்டும். எழுதுங்கள். ஆனால் ஜான்சன் மாதிரி எழுதுங்கள்.

1783 ஜூன் 17ஆம் தேதி விடியற்காலை மூன்று மணி வாக்கில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. தலைக்குள் ஏதோ குழப்பம், அரை நிமிஷம் இருக்கும். பேச்சு போய்விட்டது. புத்தி இருக்கிறதா போய்விட்டதா என்று சோதிக்க, மனதுக்குள் லத்தீனில் ஒரு பிரார்த்தனைச் செய்யுள் கட்டிப் பார்க்கிறார். வரிகள் சுமார்தான், ஆனால் சுமார் என்று தனக்குத் தெரிகிறதே, அப்படியென்றால் புத்தி தப்பவில்லை என்று முடிவு செய்கிறார். பேச்சைக் கிளப்ப ஒயின் குடித்துப் பார்க்கிறார், பலிக்கவில்லை. பக்கத்து வீட்டு அச்சக்காரருக்குச் சீட்டு எழுத உட்கார்ந்தால் கை, ஏன் என்றே தெரியாமல், தப்புத் தப்பான எழுத்தைப் போடுகிறது. இது எல்லாவற்றையும் இரண்டு நாள் கழித்துத் தோழி ஒருவருக்கு அப்படியே எழுதியிருக்கிறார். எனக்கு இது போதும், 240 வருஷம் கழித்து உட்கார்ந்துகொண்டு மூளையில் எந்தப் பக்கம் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. "உடம்பு முடியல, ஒரு மாதிரி இருந்துச்சு" என்று எழுதியிருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது. 1784 ஜூலையிலிருந்து நோய்க்கென்றே ஒரு நாட்குறிப்பு வேறு லத்தீனில் வைத்திருந்தார்.

நீங்கள் லத்தீனில் எழுத வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். காலையில் எழுந்து ஒன்றுக்குப் போய்விட்டு, டீ குடிப்பதற்கு முன், அதே வேட்டியோடு எடை பாருங்கள், தேதி போட்டு எழுதுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சோற்றுச் சதை இல்லை, நீர். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள், எனக்கு இல்லை. எத்தனை தலையணை வைத்துத் தூங்கினீர்கள் என்று எழுதுங்கள், நேற்று இரண்டு இன்றைக்கு மூன்று என்றால் அதுவும் தகவல். நடுராத்திரி மூச்சு முட்டி எழுந்து ஜன்னல் ஓரம் உட்கார்ந்தீர்களா? காலை நீங்களே அமுக்கிப் பாருங்கள், இரண்டு காலையும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு திணறினாலோ நெஞ்சு வலித்தாலோ மயக்கம் வந்தாலோ நோட்டை மூடிவிட்டு 108க்கு அடியுங்கள்.

பஸ் பிரச்சினைக்கு ஒரு வழி இருக்கிறது. ரிவ்யூவுக்குப் போகிற அன்று மட்டும் நீர் மாத்திரையைக் காலையில் போடாமல் அங்கே போய்ச் சேர்ந்த பிறகு போட்டுக்கொள்ளலாமா என்று உங்கள் டாக்டரிடம் போனில் கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். கேட்காமல் நீங்களாக நிறுத்துகிறீர்கள் பாருங்கள், அதுதான் நோயாளிகளைத் திரும்பவும் பெட்டில் கொண்டுவந்து போடுகிறது.

கடைசியாக உங்கள் மகன்.

எடின்பரோ டாக்டர்கள் எழுதிக் கொடுத்ததைப் பாஸ்வெல் லண்டனுக்கு எடுத்துப் போனார் என்றேன் அல்லவா? போனவர் ஜான்சனிடம் முழுசாகச் சொல்லவில்லை. நம்பிக்கை தருகிற பகுதியை மட்டும் சொன்னேன் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். கல்லன் எழுதியதில் ஜான்சனுக்குப் போய்ச் சேராத வரிகள் இருந்தன. உங்கள் மகனும் பாஸ்வெல்தான். பாசத்தில் செய்கிறார், திட்டாதீர்கள்.

ஆனால் ஜான்சன் கடைசியில் என்ன செய்தார் என்றால், அந்த டிசம்பரில் பிராக்கில்ஸ்பியிடம் நேராகவே கேட்டார், நான் பிழைப்பேனா, சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள் என்று. முழு உண்மையையும் தாங்க முடியுமா என்று கேட்டுக்கொண்டு, அதிசயம் நடந்தாலொழிய முடியாது என்று பிராக்கில்ஸ்பி சொன்னார். அப்படியானால் இனிமேல் மருந்து வேண்டாம், அபினும் வேண்டாம், தெளிந்த புத்தியோடு போகிறேன் என்றார் ஜான்சன். டிசம்பர் 13ஆம் தேதி இறந்தார். அன்றைக்கும்கூட நீரை வடிக்கத் தன் காலைத் தானே கீறிக்கொண்டார் என்பது வேறு கதை, மனிதன் அவ்வளவு சுலபத்தில் விடுவதில்லை. இறந்த பிறகு அறுத்துப் பார்த்தபோது நுரையீரல் காற்றுப் போய்ச் சுருங்காமல் உப்பியபடியே இருந்தது, இதயம் பெரிதாகியிருந்தது. எடின்பரோவிலிருந்து எழுதிய யாருக்கும் அது தெரிந்திருக்க வழியில்லை.

நீங்கள் அந்த நிலையில் இல்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அவருக்கு இருந்தது ஸ்குவிலும் அபினும். உங்களுக்கு எழுதியிருக்கிற நான்கு மாத்திரையும் ஒழுங்காகப் போனால் பல வருஷம் ஓட்டலாம், ஓட்டுகிறவர்களை வாராவாரம் பார்க்கிறேன். ரிப்போர்ட் உங்களுடையது. அதில் இ.எஃப். என்று போட்டு ஒரு சதவீதம் இருக்கும், இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடம் உள்ள ரத்தத்தில் எவ்வளவு பங்கை வெளியே தள்ளுகிறது என்பதற்கான கணக்கு. மகனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அந்த எண் என்ன என்று கேளுங்கள். ரிவ்யூவில் டாக்டரிடமும் கேளுங்கள். முப்பது வருஷம் அடுத்தவர் கணக்கை எழுதிய உங்களுக்கு உங்கள் கணக்கைப் படிக்கத் தெரியாதா என்ன?

அடுத்த கடிதத்தில் அந்த எண்ணையும் இரண்டு வார எடையையும் எழுதுங்கள். மருந்து சொல்ல மாட்டேன், ஆனால் படித்துவிட்டு உங்கள் டாக்டரிடம் என்ன கேட்கலாம் என்று சொல்வேன். அப்புறம், உப்பைக் குறைத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள், ஊறுகாய், அப்பளம், கருவாடு, டீக்கடை மிக்ஸர் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதையும் எழுதுங்கள்.